சந்தேகம் வந்தால் கூட்டத்தைக் கூட்டாதீர்கள், தொலைபேசியை எடுங்கள்: ஆள்கடத்தலையும் பாலியல் சுரண்டலையும் தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் வண்டியை நிறுத்தியது. காரிலிருந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டது. அந்த மூதாட்டியை அடித்தே கொன்றுவிட்டார்கள்.

முன்பின் தெரியாத முகம், கையில் மிட்டாய், வாசலில் கார். பிள்ளை பிடிப்பவர் என்றால் நம் மனத்தில் எழும் படம் இதுதான். ஆனால் நிஜமான ஆள்கடத்தல்காரருக்கு இந்த வேடம் தேவையே இல்லை. அவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர்: தூரத்து உறவினர், மில்லுக்கு ஆள் சேர்க்கும் புரோக்கர், செங்கல் சூளை மேஸ்திரி, மகளிடம் இன்ஸ்டாகிராமில் ஆறு மாதமாகப் பேசிவரும் 'அண்ணன்'. அவர் வீட்டுக்கு வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி கொடுப்போம். தவறான படத்தை மனத்தில் வைத்திருப்பதால் அப்பாவியை அடிக்கிறோம், குற்றவாளிக்குக் காபி கொடுக்கிறோம்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. சந்தேகம் எப்போது நியாயமானது, அது வந்தால் யாரிடம் எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் நேரே படி 6-க்குப் போகலாம்.

படி 1: 'கடத்தல்' என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தமிழில் தங்கமும் கடத்தப்படுகிறது, சந்தன மரமும் கடத்தப்படுகிறது, பிள்ளையும் கடத்தப்படுகிறது. ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை கொடுத்திருப்பதால், கடத்தல் என்றாலே வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போவது என்று நினைத்துவிடுகிறோம். சட்டம் சொல்லும் ஆள்கடத்தலில் பல நேரங்களில் யாரும் யாரையும் தூக்குவதில்லை. பாதிக்கப்படுபவர் தானே பை கட்டி, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, பஸ் ஏறிப் போகிறார்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு மூன்று கேள்விகளைக் கேட்கிறது. முதலாவது, என்ன செய்தார்கள்: ஆள் சேர்த்தார்களா, கொண்டுபோனார்களா, அடைக்கலம் என்ற பெயரில் வைத்திருந்தார்களா, கைமாற்றினார்களா, பெற்றுக்கொண்டார்களா? இரண்டாவது, எப்படிச் செய்தார்கள்: மிரட்டல், பலவந்தம், ஏமாற்று, அதிகாரத் துஷ்பிரயோகம், பண ஆசை? மூன்றாவது, எதற்காக: பாலியல் சுரண்டல், அடிமை வேலை, பிச்சையெடுக்க வைத்தல், உறுப்பை எடுத்தல்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அது ஆள்கடத்தல். மாநில எல்லையைத் தாண்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பக்கத்துத் தாலுகாவுக்குக் கொண்டுபோனாலும் கடத்தல்தான்.

இதே பிரிவில் இன்னொரு வரி உண்டு. அதை நான் எந்தக் கூட்டத்திலும் இரண்டு முறை படித்துக் காட்டுவேன். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. "அவளாகத்தானே போனாள்" என்ற வாக்கியத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. தண்டனை 7 ஆண்டுகளில் தொடங்குகிறது; பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் குறைந்தது 10 ஆண்டுகள், ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் குறைந்தது 14 ஆண்டுகள்; இரண்டிலும் ஆயுள் வரை போகும். அரசு ஊழியரோ காவல்துறையினரோ உடந்தையாக இருந்தால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். வயது வந்த பெண் தன் விருப்பத்தில் பாலியல் தொழிலில் இருப்பது வேறு, ஒருவர் அதற்குள் தள்ளப்படுவது வேறு. சோதனை நடக்கும்போது பாலியல் தொழிலாளர்களைக் கைது செய்வதோ துன்புறுத்துவதோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது. தெருவில் இருக்கும் ஒரு பெண்ணின் மேல் உங்களுக்குள்ள ஒழுக்க வெறுப்பைக் 'கடத்தல் புகார்' என்ற உறையில் போட்டு அனுப்பாதீர்கள்.

படி 2: வேலை தேடி வருகிறது என்றால், தேடி வந்தவரை முதலில் சோதியுங்கள்

தடுப்பதில் பாதி இங்கேயே முடிந்துவிடும். உள்ளூரில் நடப்பதை முதலில் பார்ப்போம். மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களைச் சேர்த்தது பலருக்கு நினைவிருக்கும். மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இடையில் வெளியேறினால் அந்தத் தொகை கிடைக்காது. இப்போது பெயர் மாறியிருக்கலாம், விளம்பரத் தாள் பளபளப்பாகியிருக்கலாம். சம்பளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆளை நிறுத்திவைக்கும் சூத்திரம் அதேதான். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இது தலைகீழாக நடக்கிறது. அங்கே பணம் முதலில் வரும், முன்பணமாக. அதைக் கழிப்பதற்குக் குடும்பமே குழந்தைகளோடு உழைக்கும், ஆனால் கணக்கு தீராது. இப்படி அடைபட்ட இடத்தில் பெண்கள் மீதும் சிறுமியர் மீதும் பாலியல் அத்துமீறல் நடந்தால் வெளியே சொல்ல வழி இருக்காது. கொத்தடிமை முறையையும் பாலியல் சுரண்டலையும் தனித்தனி அலமாரிகளில் வைத்துப் பார்ப்பது அதனால்தான் தவறு.

பெண்ணையோ பையனையோ அனுப்புவதற்கு முன் புரோக்கரிடம் கேளுங்கள்: நிறுவனத்தின் முழுப் பெயர் என்ன, முகவரி என்ன, அங்கே வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவரிடம் இப்போதே பேச முடியுமா? விடுதியில் கைப்பேசி வைத்துக்கொள்ளலாமா, ஞாயிற்றுக்கிழமை தனியாக வெளியே போகலாமா? சம்பளம் யாருடைய வங்கிக் கணக்கில் விழும்? ஆதார் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்களா? பதில்கள் வழுக்கினால், அல்லது "நாளைக்கே வண்டி கிளம்புகிறது, இப்போதே முடிவு சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்தினால், வேண்டாம். நல்ல வேலை ஒரு வாரம் காத்திருக்கும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது. வேலைக்குச் சேரும் பெண் அந்தக் குழுவில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளட்டும். குழு இல்லையென்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். பொதுவாக மூன்று மாதங்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்கு வேறு சில கணக்குகள் உண்டு. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, அரசிடம் பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆள் அனுப்பலாம். பதிவு உண்மையா என்று 'இ-மைக்ரேட்' அரசு வலைத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்டு, ரசீதும் தர மறுப்பவரோடு பேச்சை நீட்டாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அத்தகைய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்கள் 30 வயது நிறையாமல் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. அதைச் சுற்றிக்கொண்டு போக வயதைத் திருத்தியோ சுற்றுலா விசாவிலோ அனுப்புகிறார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறவர் அந்த நாட்டில் வேலையில் சேர்ந்த நிமிடமே சட்ட விரோதி. போலீசிடம் போக பயப்படுவார். முகவருக்கு வேண்டியதும் அந்தப் பயம்தான்.

படித்த பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி செய்ய வற்புறுத்தப்பட்டதும், அவர்களில் சிலர் 2022-இல் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பியதும் செய்திகளில் வந்தன. போனவர்களில் பட்டதாரிகள் இருந்தார்கள். புறப்படுவதற்கு முன் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், டிக்கெட் நான்கையும் படம் எடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆபத்து என்றால் சொல்ல ஒரு ரகசியச் சொல்லையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். "அத்தை வீட்டு மாடு கன்று போட்டதா?" என்று அவர் கேட்டால் வீட்டுக்குப் புரிய வேண்டும், பக்கத்தில் நிற்பவனுக்குப் புரியக் கூடாது.

படி 3: வீட்டுக்குள், கைப்பேசிக்குள்

குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர் என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. எனவே 'அந்நியரிடம் பேசாதே' என்ற பாடம் போதவே போதாது. சிறு குழந்தைக்கு உடலுறுப்புகளின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாத இடத்தில் நடந்ததை அது எப்படிச் சொல்லும்? "அம்மாவிடம் சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அதை அம்மாவிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். மாமா மடியில் உட்கார மாட்டேன் என்று பிள்ளை சொன்னால் வற்புறுத்தாதீர்கள். மாமாவுக்கு வருத்தம் என்றால் இருக்கட்டும்.

வளர்ந்த பிள்ளைகளிடம் ஆபத்து காதலின் வடிவில் வருகிறது. கையாளும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் புகழ்ச்சி, பிறகு சின்னப் பரிசு, பிறகு "உங்கள் வீட்டில் யாருக்கும் உன்னைப் புரியவில்லை" என்று வீட்டிலிருந்து பிரித்தெடுத்தல், பிறகு ஒரு படம் கேட்பது. அந்தப் படம் போன நிமிடத்திலிருந்து குரல் மாறும். இன்னொரு படம் அனுப்பு, பணம் அனுப்பு, சொன்ன இடத்துக்கு வா. பையன்களுக்கும் இது நடக்கிறது. அவர்கள் இன்னும் குறைவாகவே வாய் திறக்கிறார்கள்.

பிள்ளை வந்து சொன்னால் உங்கள் முதல் வார்த்தை எதுவாக இருக்கும் என்பதை இன்றே முடிவு செய்து வையுங்கள். "போனைக் கொடு, இனிமேல் தொடக்கூடாது" என்பதாக இருந்தால் அது உங்களிடம் வரவே வராது. "சொன்னது நல்லது. இது உன் தப்பில்லை. சேர்ந்து பார்ப்போம்."

அடுத்த வேலைகள்: பணம் தராதீர்கள், தந்தால் நிற்காது. உரையாடலை அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், இணைப்பு முகவரி, எண், மிரட்டிய செய்திகள், தேதி தெரியும்படி திரைப்பதிவு எடுங்கள்; அதன் பிறகு அந்தக் கணக்கை முடக்குங்கள். 18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்', வயது வந்தோருக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்று இரு இலவசச் சேவைகள் இருக்கின்றன. படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து உருவாகும் ஒரு எண்குறியீடு மட்டும் போகும். அதை வைத்துச் சேவையில் இணைந்திருக்கும் தளங்கள் படத்தைக் கண்டு நீக்கும். தேசிய இணையக் குற்றப் புகார் வலைத்தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. குழந்தை சம்பந்தப்பட்ட அத்தகைய படமோ காணொளியோ வாட்ஸ்அப் குழுவில் வந்தால், "பாருங்கள் அநியாயத்தை" என்று அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். அனுப்புவது குற்றம். பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை ரத்து செய்து உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாக்கிவிட்டது. அதை 'ஆபாசப் படம்' என்று சொல்வதையே விட்டுவிட வேண்டும், அது ஒரு குழந்தையின் மீது நடந்த சுரண்டலின் பதிவு என்றும் நீதிமன்றம் சொன்னது. நல்ல எண்ணத்தில் பகிர்ந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. புகாரளியுங்கள், போலீஸ் சொல்வதன்படி நடந்துகொள்ளுங்கள்.

படி 4: எதைப் பார்த்தால் சந்தேகப்படலாம்

ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் காதைத் தீட்டுங்கள்.

ரயிலில் ஐந்தாறு சிறுவர்கள், எல்லார் டிக்கெட்டும் ஒரே ஆளிடம். எங்கே போகிறீர்கள் என்றால் ஊர்ப் பெயர் தெரியவில்லை, அல்லது எல்லாரும் மனப்பாடம் செய்த ஒரே பதிலைச் சொல்கிறார்கள். கேள்வி சிறுமியிடம், பதில் எப்போதும் கூட வந்தவரிடமிருந்து. அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலைக்கு நிற்கும் சிறுமி பள்ளி நேரத்தில் பால்கனியில் துணி காயப்போடுகிறாள், கீழே இறங்குவதே இல்லை. விடுதி அறைக்கு ஒரு ஆள் வெவ்வேறு பெண்களோடு வந்து, எல்லாருடைய அடையாள அட்டையையும் தன் பையிலிருந்தே எடுக்கிறார். சில மாதங்களாகப் பள்ளிக்கு வராத மாணவி, திடீரென விலையுயர்ந்த போன், கேட்டால் ஒரு 'அக்கா' வாங்கிக் கொடுத்தார். திருமணம் என்று சொல்லி வெளிமாநிலத்துக்கு அனுப்பப்பட்ட பெண்ணோடு இரண்டு மாதமாகப் பேச முடியவில்லை.

இங்கே என் அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். இந்தி பேசுவதோ, அழுக்குச் சட்டை போட்டிருப்பதோ, பிள்ளையின் நிறமும் தாயின் நிறமும் ஒத்துப்போகாததோ அறிகுறி அல்ல. போளூரில் கூட்டம் பார்த்தது இப்படிப்பட்ட 'அறிகுறிகளை'த்தான். ஆட்களின் தோற்றத்தை விடுங்கள். கட்டுப்பாட்டைப் பாருங்கள்: யார் பேசுகிறார், யார் பேசப் பயப்படுகிறார், யாருடைய காகிதங்கள் யாருடைய பையில் இருக்கின்றன.

படி 5: செய்யக் கூடாதவை

சந்தேகப்படும் ஆளிடம் போய் நேரடியாகக் கேட்காதீர்கள். அவர் இடத்தை மாற்றிவிடுவார், அடி வாங்குவது அந்தப் பெண்ணாக இருக்கும். நீங்களே கதவை உடைத்து மீட்கப் போகாதீர்கள். வாடிக்கையாளர் போல வேடமிட்டுத் துப்பறியாதீர்கள். நாளை வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நீங்கள் தரும் விருந்து அது. படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, பள்ளி, தெரு போன்ற அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். குழந்தையை உட்காரவைத்து "என்ன நடந்தது, முழுவதையும் சொல்" என்று திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். அது சொல்வதைக் கேளுங்கள், சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், விசாரணையை அதற்கென்று இருப்பவர்களிடம் விடுங்கள். சம்பவம் சமீபத்தில் நடந்தது என்றால் குளிக்கவைக்காமலும் துணியைத் துவைக்காமலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பது பற்றித் தனியே சொல்ல வேண்டுமா? சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இன்னும் நடக்கிறது. குழந்தை மீதான பாலியல் குற்றத்தில் சமரசம் கிடையாது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு ஆண்டு வரை. பள்ளியின் மானம் போகும் என்று மூடி மறைக்கும் தலைமையாசிரியர்கள் இந்த வரியைக் கண்ணாடி போட்டுப் படிக்கட்டும்.

படி 6: யாரை அழைப்பது

இப்போதே, கண்ணெதிரே ஆபத்து என்றால்: 112.
18 வயதுக்குட்பட்டவர் என்றால், அல்லது வயதில் சந்தேகம் இருந்தால்: 1098. 'பத்து, ஒன்பது, எட்டு' என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்கும் நினைவில் நிற்கும். 24 மணி நேரமும் இலவசம்.
பெண்களுக்கு: 181.
ரயிலில் அல்லது ரயில் நிலையத்தில்: 139. ரயில்வே பாதுகாப்புப் படை அடுத்த நிலையத்திலேயே பெட்டிக்கு வர முடியும்.
இணையக் குற்றம்: 1930.
இலவசச் சட்ட உதவி: 15100.
வெளிநாட்டில் சிக்கியவர்களுக்கு: அங்குள்ள இந்தியத் தூதரகம், வெளியுறவுத் துறையின் 'மதத்' புகார் தளம், இந்தியாவிலிருந்து 1800 11 3090.

எந்த எண் சரி என்று யோசித்து அரை மணி நேரம் வீணாக்க வேண்டாம். தவறான எண்ணை அழைத்தாலும் சரியான இடத்துக்கு மாற்றிவிடுவது அவர்கள் வேலை.

அழைப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பதற்றம் குறையும். எந்த இடம், பஸ் என்றால் தடமும் பதிவெண்ணும், ரயில் என்றால் வண்டி எண்ணும் பெட்டியும் இருக்கை எண்ணும். எத்தனை பேர், தோராய வயது, உடை. என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு. நீங்கள் ஊகித்ததைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். "ஒரு கடத்தல் கும்பல் போகிறது" என்பது ஊகம். இப்படிச் சொன்னால் போதும்:

"நான் காட்பாடி தாண்டிச் சென்னை நோக்கிப் போகும் ரயிலில் எஸ்-4 பெட்டியில் இருக்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும் நான்கு சிறுமிகள் ஒரு ஆளோடு வருகிறார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு சிறுமி அழுதுகொண்டே இருக்கிறாள், அவர் அவளைப் பேசவிடவில்லை. பெற்றோர் யாரும் உடன் இல்லை. சரிபார்க்கும்படி கேட்கிறேன்."

பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள். இருந்தாலும் தொடர்பு எண் ஒன்றைக் கொடுப்பது அந்தக் குழந்தைக்கு உதவும், வழி தவறினால் திரும்ப அழைப்பார்கள். அழைத்த நேரத்தையும், பேசியவர் சொன்ன பதிவு எண்ணையும் குறித்து வையுங்கள். நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மீது, தகவல் கடைசியில் தவறாகவே இருந்தாலும், வழக்குப் போட முடியாது என்று போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. வன்மத்தோடு பொய்ப் புகார் கொடுத்தால்தான் தண்டனை.

படி 7: காவல் நிலையத்தில்

அருகிலுள்ள எந்த நிலையத்துக்கும் போகலாம். அனைத்து மகளிர் காவல் நிலையம் இருந்தால் அங்கே. "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை. மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம், மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

நம் ஊரில் நடக்கும் நுட்பமான ஒரு தட்டிக்கழிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, "பதிந்தாயிற்று, போய் வாருங்கள்" என்பார்கள். முத்திரை, எண் எல்லாம் இருக்கும், நாமும் நிம்மதியாக வீடு திரும்புவோம். அது மனுவைப் பெற்றதற்கான ரசீது மட்டுமே, முதல் தகவல் அறிக்கை அல்ல. "எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும்" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். புகார் தந்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நகல் இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஆள்கடத்தல் போன்ற குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு சொல்கிறது. குரலை உயர்த்தாமல், பிரிவு எண்ணை மட்டும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

குழந்தையைக் காணவில்லை என்றால் "24 மணி நேரம் பார்ப்போம்" என்பது சட்டத்தில் எங்கும் இல்லாத விதி. காணாமல் போன குழந்தை கடத்தப்பட்டதாகக் கருதியே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. நான்கு மாதங்களில் கண்டுபிடிக்கவில்லை என்றால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்துவைத்துக் கேளுங்கள்.

குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை நிலையத்தில் தங்கவைக்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் கட்டணம் வாங்காமல் சிகிச்சை தர வேண்டும்.

படி 8: மீட்ட பிறகு

செய்திகள் 'மீட்பு' என்ற சொல்லோடு முடிந்துவிடும். பாதிக்கப்பட்டவருக்கு நீண்ட பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். எங்கே தங்கவைப்பது, வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை அந்தக் குழு முடிவு செய்யும். வீட்டிலிருந்தே விற்கப்பட்ட குழந்தையை அவசரமாக வீட்டுக்கே அனுப்புவது இரண்டாவது முறை விற்பதற்கு வழி. வயது வந்த பெண்ணுக்கு மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்குமிடம், மருத்துவம், மனநல ஆலோசனை, சட்ட உதவி ஒரே கூரையின் கீழ் கிடைக்கும்.

பணம் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள், அது உரிமை. ஆள்கடத்தலுக்கு உள்ளானவருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்க வேண்டும். இழப்பீட்டு மனுவும் அங்கேதான். போக்சோ வழக்கில் தீர்ப்பு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரலாம். கொத்தடிமையாக இருந்தவர் என்றால் கோட்டாட்சியரிடமிருந்து விடுதலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் பழைய முன்பணக் கடன் துரத்திக்கொண்டு வரும். மறுவாழ்வுத் தொகையும் வராது. ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு உள்ளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்பது மத்திய அரசின் திட்டம்.

கடைசியாகப் பள்ளிக்கூடம். திரும்பி வந்த சிறுமியை எட்டாம் வகுப்பில் சேர்க்கப் போனால், இடையில் ஏன் ஓராண்டு இல்லை, மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரை, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். தலைமையாசிரியரிடம் அவர் பேசட்டும். சிறுமி வெளியே வராந்தாவில் நின்றுகொண்டு, தன் வகுப்பு எந்த அறையில் நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கட்டும்.